ஓசூருக்கு முகம் இல்லை என்பவர்களுக்கு

‘ஓசூரெல்லாம் ஒரு ஊரா?’ என்று கேட்பவர்கள் சென்னையில் உண்டு, கோவையில் உண்டு. ஆனால் அதிகம் பேர் ஓசூரிலேயே இருக்கிறார்கள். இருபது வருடம் இங்கே சம்பளம் வாங்கி, பாகலூர் சாலையிலோ மத்திகிரியிலோ வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிய பிறகும் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரர் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே குரல் நிமிர்கிறது. கோவைக்காரருக்குச் சிறுவாணித் தண்ணீரும் பேச்சு மரியாதையும் போதும். திருநெல்வேலிக்காரர் அமெரிக்கா போனாலும் திருநெல்வேலிக்காரர்தான். ஓசூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. ‘சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், இப்போதைக்கு ஓசூர்’ என்பார்கள். அந்த ‘இப்போதைக்கு’ முப்பது ஆண்டு நீளும். சிப்காட் தொழிற்பேட்டை வரும்வரை இது ஒரு தாலுகா ஊர். கடைவீதியில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கும் கன்னடமும் கேட்கும், இப்போது இந்தியும் கேட்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கும் 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு இருக்கிறது. மனை விளம்பரங்கள்கூட எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எத்தனை நிமிடம் என்றுதான் இந்த ஊரை அறிமுகம் செய்கின்றன. ஆகவே ஓசூர் ஒரு பெருநகரத்தின் நீட்சி, தொழிலாளர்கள் தங்கிப் போகும் இடம். இங்கே ஊர்ப்பற்றை எதிர்பார்ப்பதே அறியாமை என்பது அவர்கள் முடிவு.

பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பார்த்ததிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

1. பெங்களூரு நிரம்பி வழிந்து உண்டான ஊரா ஓசூர்? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஓசூரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தது. 1980இல் அசோக் லேலண்டு ஆலை இங்கே வந்தது. அதே ஆண்டு, இரண்டு பேர் ஏறிப்போகக் கூடிய டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் பால்காரர்களையும் காய்கறி வியாபாரிகளையும் சுமக்கத் தொடங்கியது. 1980-களின் நடுவில் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகார ஆலையை அமைத்தன. எலக்ட்ரானிக் சிட்டி அப்போது ஒரு சிறு தொழிற்பேட்டை. பெங்களூருவுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த மென்பொருள் அலை 1990-களில்தான் எழுந்தது. ஓசூரில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கிவிட்ட காலத்தில், வழிவதற்கு அங்கே எதுவும் நிரம்பியிருக்கவில்லை.

இந்தத் தொழில் வளர்ச்சி சென்னையில் எடுத்த முடிவின் விளைவு. அன்று ஓசூர் அடங்கியிருந்த பழைய தர்மபுரி மாவட்டம் மாநிலத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. மழை குறைவு, வேலை குறைவு. அங்கே ஆலைகள் போக வேண்டும் என்பதற்காக நிலமும் சலுகையும் கொடுத்தார்கள். பெங்களூரு பக்கத்தில் இருந்தது முதலீட்டாளர்களுக்கு வசதியாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். பல ஆலைகளின் மேலாளர்கள் அங்கே குடியிருந்துகொண்டு தினமும் வந்து போனார்கள். ஆனால் கடிகாரத்துக்குள் பல்சக்கரம் கோத்த கைகள் யாருடையவை? சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த கையோடு எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட பிள்ளைகளுடையவை. களி தின்று வளர்ந்த ஒரு தலைமுறை நுண்பொறித் தொழிலுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் இது சாதாரண நிகழ்ச்சி இல்லை. அதற்குரிய மரியாதையை நாம் கொடுக்கவில்லை.

இன்றைக்கும் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏத்தர் என்றால் பெங்களூரு நிறுவனம் என்பார்கள். அந்த ஸ்கூட்டர் தயாராவது ஓசூரில். ஓலாவின் தலைமையகம் பெங்களூருவில், அதன் பெரிய ஆலை போச்சம்பள்ளியில். தளி, பாகலூர் பக்கத்துக் காய்கறியும் பூவும் இல்லாமல் பெங்களூருச் சந்தைக்குப் பொழுது விடியாது. உழைப்பும் பொருளும் இங்கிருந்து போகின்றன, பெயர் அங்கே நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஓசூரை அடுத்த ஊரின் நிழல் என்று சொல்வது கணக்கைத் தலைகீழாக எழுதுவது.

2. சிப்காட்டுக்கு முன்னால் இங்கே ஒன்றுமில்லை என்பது படிக்காமல் சொல்வது. கல்வெட்டுகளில் செவிடபாடி என்று பெயர் பெற்ற ஊர் இது. மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயிலில் போசளர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் எடுத்த மாதிரிகளைக் கொண்டுதான், தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு பொதுக் காலத்துக்கு முன் 2172 வரை செல்கிறது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மல்லசந்திரத்துப் பாறைமேல் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. வயல் வரப்புகளில் நடுகற்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி பறிபோனபோது கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போயிற்று. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் 1799 வரை மைசூரிடம் இருந்தன. மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பண்ணை, கால்நடைப் பண்ணையாக இன்றும் நடக்கிறது. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். அவர் பெங்களூருவில் படித்துவிட்டுச் சேலத்தில் வக்கீலாக இருந்தார். இந்த மண்ணின் ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வருவது எலக்ட்ரானிக் சிட்டி கொண்டுவந்த பழக்கம் இல்லை.

இதற்குமேல் பட்டியல் வேண்டாம். வரலாறு இருக்கிறதா என்பதல்ல இங்கே சண்டை. அதை எடுத்துச் சொல்ல ஊர் அக்கறைப்பட்டதா என்பதுதான். அந்தக் குற்றச்சாட்டை ஏற்கிறேன். அரை நூற்றாண்டுத் தொழிலைக் காட்ட ஓசூரில் ஒரு பொது அருங்காட்சியகம் இல்லை. முதல் டிவிஎஸ் 50 எப்படி இருந்தது என்று இங்கே பிறந்த குழந்தைக்குக் காட்ட வேண்டாமா?

3. மொழி கலந்த ஊருக்கு அடையாளம் கிடையாது என்பதுதான் இவர்களின் பெரிய வாதம். அதுதான் எனக்கு அதிகம் கோபமூட்டுவதும்.

மதுரையை உதாரணம் காட்டுகிறீர்களே, மதுரையின் சுங்குடி யார் கைவேலை? நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறி இன்றும் வீட்டில் தங்கள் மொழி பேசும் சௌராஷ்டிரர்களுடையது. திருமலை நாயக்கர் மகாலைக் கட்டியவரின் குலமொழி எது? தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர்கள் மராட்டிய மன்னர்கள். கோவையின் ஆலைகளையும் தறிகளையும் நடத்தியவர்களில் தெலுங்கு பேசியவர்கள் எத்தனை பேர், கன்னடம் பேசியவர்கள் எத்தனை பேர்? நீங்கள் தனித்தன்மை என்று கொண்டாடும் ஊர்களில் பலவும் கலந்த ஊர்களே. அங்கே கலப்பு பழசாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, பெங்களூருவையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதனால் பெங்களூருவுக்கு அடையாளம் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா? அங்கே ‘காஸ்மோபாலிடன்’ என்று புகழப்படுவது, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தெற்கே வந்ததும் ‘கலப்படம்’ ஆகிவிடுகிறது. ஒரே குணத்துக்கு இரண்டு விலை போடுவதை நான் வாதம் என்று ஏற்க மாட்டேன்.

ஓசூரின் தெலுங்கும் கன்னடமும் வேலை தேடி நேற்று வந்த மொழிகள் இல்லை. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது கோடு மக்களின் நடுவே விழுந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு, தளிப் பக்கம் கன்னடம், நகரில் எல்லாமும், கூடவே உருது. 2024இல் கிருஷ்ணகிரியின் நாடாளுமன்ற உறுப்பினர் கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார். இதைச் சிலர் அதிர்ச்சியோடு பேசினார்கள். அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இருந்திருக்க முடியாது. இதே மக்கள் அவரைப் பலமுறை ஓசூரின் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆக்கியவர்கள். தமிழ்நாட்டின் குடிமகனாக இருந்துகொண்டே வீட்டில் தெலுங்கு பேசலாம் என்பது அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

ஓசூரின் குணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். இங்கே பூக்கடை வைத்திருப்பவர் வருகிறவரின் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றுகிறார். ஆலையில் தமிழில் சொன்ன வேலையைத் தெலுங்கில் விளக்கி, கன்னடத்தில் கிண்டலடித்து, இந்தியில் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் இதை ஒரு திறமையாக நினைத்ததில்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்புக்காகப் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. வண்டிகள் எல்லையில் நின்றன. அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் நடுவே மக்கள் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நடந்து கடந்தார்கள். மாநில எல்லை என்பது சில சமயம் தம் பிழைப்பின் மேலேயே விழும் என்பதை ஓசூர் அறிந்த அளவுக்குத் தமிழ்நாட்டில் அதிகம் ஊர்கள் அறியா. மறுநாளும் அதே பக்கத்து வீட்டுக்காரரோடு அதே மூன்று மொழிகளில் வாழ வேண்டும் என்பதையும் இந்த ஊர் அறியும். இதற்கு நாகரிகம் என்று பெயர். ஒற்றை மொழி ஊர்கள் இதைக் கற்றுக்கொள்ள இங்கே வர வேண்டும்.

இதைச் சொல்லும்போது தமிழை விட்டுக்கொடுக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதவன் தீட்சண்யாவும் பா. வெங்கடேசனும் இந்த ஊரில் வாழ்ந்துகொண்டு எழுதியவர்கள். ஆண்டுதோறும் நடக்கும் ஓசூர் புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து தமிழ்ப் புத்தகம் வாங்கிப் போகிறவர்களில் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் இங்கே பொதுமொழியாக நிற்பது பிற மொழிகளை விரட்டி வந்ததால் இல்லை.

4. எல்லாரும் வெளியூர்க்காரர்கள், ஊர்ப்பற்று எப்படி வரும்? ஜாம்ஷெட்பூரைக் கேளுங்கள். 1907க்குப் பிறகு இரும்பாலைக்காக எழுந்த ஊர் அது. இந்தியாவின் எல்லாத் திசையிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கட்டியது. அந்த ஊர்க்காரர்களின் ஊர்ப்பெருமை நாடறிந்தது. திருப்பூர் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதை வைத்து ஊர்ப்பற்று உண்டாவதில்லை. தான் செய்த காரியம் ஊரில் தங்குகிறதா, தன் சொல் எடுபடுகிறதா என்பதை வைத்து உண்டாகிறது. 1980-களில் ட்ரெய்னியாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்று நாற்பதை ஒட்டிய வயது. அவர்கள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே. அப்பாவின் ஊரில் அவர்களுக்கு இருப்பது பொங்கலுக்குப் போகிற வீடு. அவர்களை வந்தவர்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எந்த ஊரும் மிஞ்சாது.

இன்று உத்தனப்பள்ளி அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். விடுதி, பஸ், ஷிப்ட், மறுபடி விடுதி. அவர்களையும் ‘தங்கிப் போகிறவர்கள்’ என்ற கணக்கில் எழுதிவிட்டு இன்னொரு முப்பது ஆண்டு ஓட்டப்போகிறோமா? முதல் தலைமுறைக்குச் செய்த அதே பிழை இது.

5. பெருமிதம் இருந்தால் வெளியே தெரிந்திருக்குமே என்பவர்கள் சந்திரசூடேசுவரர் கோயில் பங்குனித் தேரன்று வரட்டும். ஓசூர் பகுதிக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள்; மூன்று மாநிலத்து மக்கள் வடம் பிடிக்க வருகிறார்கள். 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மணிக்கணக்கில் மறித்தார்கள். கல்லெறிந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். பற்றில்லாத மக்களுக்கு இந்தக் கோபம் வராது என்பதை மட்டும் சொல்கிறேன். அதே ஆண்டு உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகள் சிப்காட்டுக்கு விளைநிலம் எடுக்கக் கூடாது என்று நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். ஆலைகளால் வளர்ந்த வட்டாரத்திலேயே, எந்த நிலத்தில் ஆலை வரலாம் என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்றார்கள். ஊர்ப்பற்றுக்கு இதைவிடத் தெளிவான உருவம் எது?

6. முகமில்லாத ஊர் என்று சொல்வதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது, அது கெலவரப்பள்ளி அணையில் நுரையாக மிதக்கிறது. பெங்களூருவின் கழிவைச் சுமந்த பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் தென்பெண்ணையில் கலக்கிறது. மழைக்காலத்தில் அணையின் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை பொங்கி வயலுக்கும் தரைப்பாலத்துக்கும் போகிறது. விவசாயிகள் அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார்கள். ஒரு பெருநகரத்தின் நீட்சிதான் நாம் என்று ஒப்புக்கொண்டால் அதன் சாக்கடையின் நீட்சியாகவும் ஒப்புக்கொண்டதாகிறது. நாங்கள் தனி ஊர், எங்கள் ஆறு இது என்று சொல்கிறவர்களால்தான் இதை வழக்காகவும் தேர்தல் பேச்சாகவும் ஆக்க முடியும்.

மெட்ரோவைப் பாருங்கள். பெங்களூருவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூருக்கு இருபது கிலோமீட்டர் அளவுதான். ஆய்வு, அறிக்கை, தொழில்நுட்ப வேறுபாடு, எதிர்ப்பு என்று அங்கேயே நிற்கிறது. பிரான்சின் ஸ்டிராஸ்பூர் நகரத்து டிராம் 2017இல் ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கெல் ஊருக்குள் போயிற்று. ஒன்றையொன்று அழித்துக்கொள்ளப் பார்த்த இரண்டு நாடுகள் அவை. கெல் ஸ்டிராஸ்பூரின் புறநகராகிவிடவில்லை. தன் பெயரோடும் தன் நகரமன்றத்தோடும் உட்கார்ந்து பேசி டிராமை வாங்கிக்கொண்டது. பக்கத்தில் பெரிய நகரம் இருப்பது சிறுமை ஆகாது. கேட்கவேண்டியதைக் கேட்க ஆள் இல்லாமல் இருப்பதே சிறுமை. 2024இல் அறிவிக்கப்பட்ட ஓசூர் விமான நிலையத்துக்கும் மெட்ரோவின் விதியே வரலாம். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றும் ரயில் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அடையாளம் இல்லை என்ற பேச்சு வெறும் அபிப்பிராயமாக நிற்பதில்லை. அது ஆட்சியாளர்களுக்கு வசதி. ஓசூரை ஏக்கர் கணக்கில் மட்டும் பார்க்கலாம். ஆலைகளுக்கு வசதி; கான்ட்ராக்ட் தொழிலாளியின் குடியிருப்பைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு வசதி. லைன் வீட்டில் எத்தனை பேரை அடைத்தாலும் கேட்பாரில்லை. நமக்கும் வசதிதான்: ராமநாயக்கன் ஏரியில் குப்பை கிடந்தால் அது ‘இந்த ஊர்க்காரர்கள்’ பிரச்சினை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. கடைசியாக அதன் தலைகளை எண்ணியது 2011இல். அப்போது பழைய நகராட்சி எல்லைக்குள் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர். அதற்குப் பிறகு வந்த ஆலைகள், விடுதிகள், அடுக்குமாடிகள் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. தண்ணீர், பள்ளி, ஆஸ்பத்திரிப் படுக்கை எல்லாம் தலைக்கணக்கில் வருபவை. அடுத்த கணக்கெடுப்பு 2027இல் முடியும். வீட்டுக்கு வருகிற கணக்கெடுப்பாளரிடம் ‘எங்களை ஊரில் எழுதியிருப்பார்கள்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். விடுதியில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தாய்மொழி எதுவோ அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் இன்னும் பழைய ஊரில் இருந்தால் இந்த ஆண்டே ஓசூருக்கு மாற்றுங்கள். வார்டு உறுப்பினர் யார் என்று தெரிந்துகொண்டு, ஏரியைப் பற்றியும் நுரையைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.